கடத்தியவனா, கடத்தப்பட்டவனா?

எங்கள் சிங்கம்புணரிப் பக்கம் தெருவுக்கு ஒரு மலேயாக்கார வீடாவது இருக்கும். அதனாலோ என்னவோ, நாகேந்திரன் தர்மலிங்கம் கதை என்னை விடவே இல்லை.

ஈப்போவைச் சேர்ந்த இந்தத் தமிழ் இளைஞர் 2009 ஏப்ரலில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். அங்கே 15 கிராமைத் தாண்டினால் தூக்கு! அவருடைய ஐ.க்யூ. 69 என்று பரிசோதனையில் தெரிந்தது. மிரட்டி அனுப்பினார்கள் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வெறுமனே சுமந்து வந்தவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு ஆயுள் தண்டனை தரலாம் என்று 2013 முதல் சட்டம் தளர்ந்தது. அதுவும் அவருக்கு உதவவில்லை. 2022 ஏப்ரல் 27ல் தூக்கிலிட்டார்கள்.

இங்கிலாந்தில் இதே பிரச்சினையை வேறு வழியில் அணுகினார்கள். பெருநகரக் கும்பல்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சிற்றூர்களுக்கு அனுப்பி போதைப்பொருள் விற்க வைக்கும். ஆர்டர் எல்லாம் செல்போனில். இதற்கு 'கவுன்ட்டி லைன்ஸ்' என்று பெயர். இவர்கள் மீது போதைச் சட்டத்தோடு 2015ம் வருட நவீன அடிமைமுறைச் சட்டமும் பாய்ந்தது. அதன்படி அனுப்பியவனுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. லிங்கன் நகருக்குச் சிறுவர்களை அனுப்பிய ஒருவனுக்கு 2018ல் பர்மிங்காம் நீதிமன்றம் 14 வருடம் கொடுத்தது.

சரி, பிடிபடுகிற எல்லோருமே 'மிரட்டினார்கள்' என்று சொல்லித் தப்பிக்க மாட்டார்களா? நியாயமான கேள்விதான். அதற்குத்தான் அந்தச் சட்டத்தின் 45வது பிரிவு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. அதே வயது, அதே உடல், மனநிலை உள்ள இன்னொருவருக்கு அந்த இடத்தில் வேறு வழி இருந்திருக்குமா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில்? 1843ம் வருடச் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1860ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 370வது பிரிவு அடிமை வியாபாரத்தையே குற்றமாக்கியது. 2013ல் அதே பிரிவு ஆள்கடத்தலுக்காகத் திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143வது பிரிவு. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோனால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் 'சுரண்டல்' என்பதன் விளக்கத்தில் போதைப்பொருள் சுமக்க வைப்பது பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. குழந்தைகளைப் போதைப்பொருள் விற்கவோ சுமக்கவோ வைத்தால் 2015ம் வருட சிறார் நீதிச் சட்டம் 78வது பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு.

ஆனால் பதினெட்டைத் தாண்டிய, விவரம் தெரியாத ஒருவர் பிடிபட்டால்? பையில் எத்தனை கிராம் என்பதோடு, அந்தப் பையை மாட்டிவிட்டது யார் என்றும் கேட்க வேண்டும். நாகேந்திரன் வழக்கு எனக்குச் சொல்வது இதைத்தான்.