பப்பாளி மாவுப்பூச்சியும் அதை அடக்கிய குளவியும்

2008ஆம் ஆண்டின் நடுவில் கோயம்புத்தூர் வட்டாரத்துப் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவை அள்ளி அப்பியதுபோல் ஒரு பூச்சி தென்பட்டது. இலைகள் சுருண்டன, பிஞ்சுகள் உதிர்ந்தன, பூச்சி கழித்த இனிப்பு நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்தது. அது பப்பாளி மாவுப்பூச்சி என்பதைப் பூச்சியியலாளர் ஆர். முனியப்பன் அடையாளம் கண்டார். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். 1990களில் கரீபியத் தீவுகளில் பரவி, 1998இல் ஃபுளோரிடாவையும் அடுத்துப் பசிபிக் தீவுகளையும் எட்டிய அந்தப் பூச்சி, தமிழ்நாட்டுக்கு வந்த அதே ஆண்டில் இலங்கையிலும் காணப்பட்டது.

பப்பாளியோடு அது நிற்கவில்லை. கொல்லையில் கத்தரி, வெண்டை, செம்பருத்தி எதையும் விட்டுவைக்கவில்லை. வயலில் மரவள்ளியையும் மல்பெரியையும் பற்றியது. வேலியோரத்துப் பார்த்தீனியத்தில்கூடப் பெருகியதால், ஒரு தோட்டத்தைச் சுத்தம் செய்தாலும் பக்கத்திலிருந்து மீண்டும் வந்தது.

மக்கள் முதலில் நாடியது மருந்துத் தெளிப்பை. பூச்சியின் உடலையும் முட்டைப்பையையும் மூடிய மெழுகுப் பூச்சுக்குள் மருந்து எளிதில் இறங்கவில்லை. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதால் தப்பிய சிலவே மறுபடி மரத்தை மூடின. பொறிவண்டு போன்று மாவுப்பூச்சியைத் தின்னும் உள்ளூர்ப் பூச்சிகளோ மருந்தில் மடிந்தன. நஞ்சு பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் சாகும். அன்றாடம் காய் பறிக்கும் வீட்டுத்தோட்டத்தில் அந்த நஞ்சு நேரே சமையலுக்குப் போகும். தெளிப்பு தொல்லையைத் தீர்க்கவில்லை, வளர்த்தது என்றே சொல்ல வேண்டும்.

தாயகத்தில் இந்தப் பூச்சி பெரிய தொல்லையாக இருந்ததில்லை. அங்கே அதன் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் நுண்குளவிகள் உண்டு. அவை இல்லாத மண்ணுக்கு வந்ததால்தான் பூச்சி கட்டின்றிப் பெருகியது. வந்தேறிப் பூச்சியை அடக்க அதன் தாயகத்து எதிரியையே வரவழைக்கும் வழி புதியதும் அல்ல. 1888-89இல் கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று காப்பாற்றியது. அதே வண்டு 1929இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே சீகை மரங்களைத் தாக்கிய செதில் பூச்சியின்மீது விடப்பட்டது.

2010இல் பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் அவை விடப்பட்டன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் உழவர்களுக்குக் கொடுத்தன. மூன்றில் நன்றாக நிலைகொண்டது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தக் குளவி, காற்றோடு ஊர் ஊராகப் பரவியது. தெளிப்பால் ஆகாததை அது ஓரிரு ஆண்டுகளில் செய்து முடித்தது. முதல் ஐந்தாண்டில் கிடைத்த பயன் 52 கோடி டாலருக்கும் மேல் என்று 2014இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்திய வேளாண்மையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வெற்றி அரிது.

மாவுப்பூச்சி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வெயில் காலத்தில் கொல்லைச் செடிகளில் இன்றும் தலைகாட்டுகிறது. அப்போது வெள்ளைத் திரளுக்கு நடுவே உப்பிக் காய்ந்த பழுப்புக் கூடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. அவை குளவி வளரும் மாவுப்பூச்சிகள். அவை இல்லாத செடியில் தாக்குண்ட கிளையை வெட்டி அழிக்கலாம், சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ தெளிக்கலாம். கூடுகள் இருக்கும் செடியைத் தொடாமல் விடுவதே நல்லது. அங்கே மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான்.