ஓடை ஒன்று, விதி இரண்டு

2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் தன் 'ரீடர்' சேவையை மூடியது. பல தளங்களின் புதிய பதிவுகளைச் செய்தியோடைகள் வழியே ஒரே இடத்தில் படித்துவந்தவர்கள் அதை ஒரு காலத்தின் முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வடிவத்துக்கு இரங்கற்பா பாடாதவர் குறைவு. அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் தொடங்கியது. 1999இல் பால்டிமோரில் நடந்த ஒரு மாணவியின் கொலையை வாராவாரம் துருவிய அந்தத் தொடர், சில வாரங்களிலேயே ஐடியூன்ஸில் 50 லட்சம் முறை இறக்கப்பட்டது. அதுவரை ஆர்வலர்களின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட பாட்காஸ்டை முதலீட்டாளர்கள் திரும்பிப் பார்த்ததும் அதன் பிறகுதான். சீரியலைக் கேட்பவர்களிடம் கொண்டுசேர்த்தது அதே ஆர்எஸ்எஸ். எழுத்தைச் சுமந்தபோது நொடித்துப்போன வடிவம் ஒலியைச் சுமந்தபோது ஒரு தொழிலையே தாங்கி நின்றது ஏன்? மக்களின் ரசனை மாறிவிட்டது, கைபேசி வந்துவிட்டது என்பவை வழக்கமான விடைகள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் போதாதவை. வருமானம் எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் இந்த இரு விதிகளின் கதை புரியும். எழுத்தின் வருமானம் தளத்தில் தங்கிவிட்டது. ஒலியின் வருமானம் படைப்போடு கூடவே போனது.

ஓடை எதற்காகப் பிறந்தது என்பதிலேயே விடையின் பாதி இருக்கிறது. 1996இல் பாயின்ட்காஸ்ட் என்ற நிறுவனம் செய்தியையும் விளம்பரத்தையும் சேர்த்துக் கணினித் திரைக்கே தள்ளிவிடும் மென்பொருளை வெளியிட்டது. அலுவலக வலையமைப்புகள் திணறும் அளவுக்கு அது பரவியது. 1997இல் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 45 கோடி டாலருக்குக் கேட்டும் கைமாறாத அந்த நிறுவனம், 1999இல் சுமார் 70 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதே 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதற்கு நேர்மாறான, எளிய ஏற்பாடான ஆர்எஸ்எஸ்ஸைக் கொண்டுவந்தது. சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹாவும் டான் லிப்பியும் அதன் பின்னால் இருந்தார்கள். தளத்தை நடத்துபவர் தன் புதிய தலைப்புகளையும் இணைப்புகளையும் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்க வேண்டும்; நெட்ஸ்கேப்பின் முகப்புத் தளம் அதை அவ்வப்போது படித்து ஒரு பெட்டியில் காட்டும். ஜூலையில் வந்த 0.91 பதிப்பில் அதிகபட்சம் 15 தலைப்புகளுக்கே இடம். முகப்புத் தளத்துக்குக் காசில்லாமல் புதுச் செய்தி, எழுதியவருக்குப் புது வாசகர் என்பதுதான் பேரம். ஆக, ஓடையின் முதல் வேலை ஆள் கூட்டுவது. படைப்பு தளத்திலேயே இருக்கும். ஓடை வாசகரை அங்கே அழைத்துவரும்.

இந்தப் பேரத்தை ஏற்படுத்திய நெட்ஸ்கேப் சீக்கிரமே விலகிக்கொண்டது. அதை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனத்துக்கு இதில் அக்கறை இல்லை. 2001இல் வடிவத்தின் விளக்க ஆவணங்கள்கூடத் தளத்திலிருந்து மறைந்தன. அநாதையான பிள்ளைக்கு இரண்டு தரப்பினர் உரிமை கோரினார்கள். 2000 டிசம்பரில் குஹா, ரேல் டோர்ன்ஃபெஸ்ட், பதின்பருவத்து ஆரன் ஸ்வார்ட்ஸ் முதலியோர் அடங்கிய குழு 1.0 பதிப்பை வெளியிட்டது. அதே மாதம் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் 0.92 பதிப்பை வெளியிட்டார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. வைனரின் பதிப்பில் ஒரு சிறு சேர்க்கை இருந்தது: தலைப்போடு ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் இணைக்கலாம். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி வைனரிடம் வற்புறுத்திய யோசனையின் விளைவு அது. அன்றைய இணைய வேகத்தில் ஒரு பாட்டைச் சொடுக்கிவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கணினி சும்மா கிடக்கும் நேரத்தில் கோப்பு முழுவதும் இறங்கிவிட்டால், கேட்பவர் உட்காரும்போது அது கைவசம் இருக்கும் அல்லவா என்றார் கரி. 2001 ஜனவரி 11ஆம் தேதி வைனர் கிரேட்ஃபுல் டெட் குழுவின் பாட்டொன்றை இப்படி அனுப்பிச் சோதித்தார். ஆள் கூட்டுவதற்காகப் பிறந்த வடிவம், படைப்பையே வீட்டுக்குக் கொண்டுபோகும் வடிவமாக மாறியது அன்றுதான். 2002இல் 2.0 பதிப்பு வந்தது. 2003 ஜூலையில் வைனர் அதன் உரிமையை ஹார்வர்டின் பெர்க்மன் மையத்துக்குக் கொடுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தின்கீழ் உறையவைத்தார்.

எழுத்தின் கதையை முதலில் பார்ப்போம். 2002இல் நியூயார்க் டைம்ஸ் ஓடைகளை வெளியிட்டது. ஓடைகளைப் படிக்க 2003இல் பிளாக்லைன்ஸும் 2005இல் கூகுள் ரீடரும் வந்தன. தமிழிலும் இதே காலத்தில் ஒரு செழிப்பு உண்டு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைப் படித்து, புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் அடுக்கியது. சென்னையில் எழுதியவரையும் டொராண்டோவில் எழுதியவரையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டி அது ஒரு வாசகர் கூட்டத்தை உருவாக்கியது. தலைப்பும் சில வரிகளும் மட்டுமே திரட்டியில் இருக்கும். முழுதும் படிக்கப் பதிவருடைய பக்கத்துக்குப் போக வேண்டும். நெட்ஸ்கேப்பின் பழைய பேரம் அப்படியே பொருந்திய இடம் இது. விளம்பரத்தை நம்பிய பெரிய தளங்களுக்கோ அந்தப் பேரம் கசந்தது. வாசகர் கேட்டது முழுக் கட்டுரை. அதை ஓடையில் கொடுத்தால் அவர் தளத்துக்கு வரவே மாட்டார், அங்கே தொங்கும் விளம்பரங்களையும் பார்க்க மாட்டார். இரண்டு வரிகளோடு நிறுத்தினால் எரிச்சல்பட்டு ஓடையையே விட்டுவிடுவார். முழு ஓடையா, அரை ஓடையா என்ற தகராறு பல ஆண்டுகள் நீடித்தது. ஓடைக்குள்ளேயே விளம்பரம் வைக்கும் வழியை ஃபீட்பர்னர் என்ற சேவை முயன்றது. 2007இல் கூகுள் அதை வாங்கித் தன் விளம்பர வலையோடு இணைத்தது. உள்ளடக்கத்தோடு ஒட்டாத அந்தப் பெட்டிகளை வாசகர் கண்டுகொள்ளவில்லை. ஓடைகளுக்கான விளம்பரச் சேவையைக் கூகுள் 2012இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ரீடரும் போனது. கொடுப்பவருக்கு நஷ்டம் தரும் வழி, பெறுபவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும் நிலைப்பதில்லை.

ஒலிக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. 2004 ஆகஸ்டில் கரி தன் 'டெய்லி சோர்ஸ் கோட்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஓடையிலிருந்து ஒலிக்கோப்பை எடுத்து ஐபாடில் ஏற்றும் சிறு நிரலையும் பரப்பினார். அதே ஆண்டு நவம்பரில் லிப்சின் என்ற சேவை பாட்காஸ்ட் கோப்புகளை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. எத்தனை பேர் இறக்கினாலும் சேமிக்கும் அளவுக்கே கட்டணம் என்பதால், நிகழ்ச்சி பிரபலமானால் திவாலாக வேண்டியதில்லை என்ற தைரியம் எளியவருக்கும் வந்தது. விளம்பரம் என்று வந்தபோது, நடத்துபவரே தன் குரலில், தன் நடையில் அதைப் படித்தார். அது ஒலிக்கோப்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. கோப்பு எந்தச் செயலியில் ஓடினாலும், எத்தனை பேருக்குப் படியெடுத்துக் கொடுக்கப்பட்டாலும் விளம்பரமும் கூடவே போனது. ஒரு வீட்டில் வாங்கிய வார இதழ் பக்கத்து வீட்டுக்கும் முடிதிருத்தும் கடைக்கும் போனாலும், அட்டையின் பின்பக்கத்துச் சோப்பு விளம்பரம் அதை விட்டுப் பிரிவதில்லை. பாட்காஸ்டின் கணக்கும் அதுதான். ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை ஓடை திருப்பிச் சொல்லாது. எத்தனை முறை கோப்பு இறங்கியது என்பது மட்டுமே தெரியும். விளம்பரதாரர்கள் இந்தக் குறைக்கு ஒரு வழி கண்டார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு தனித் தள்ளுபடிக் குறிச்சொல்லைக் கொடுத்து, அதைச் சொல்லிப் பொருள் வாங்கியவர்களை எண்ணினார்கள். சீரியலின் தொடக்கத்தில் ஒலித்த மெயில்சிம்ப் என்ற நிறுவனத்தின் விளம்பரம் நிகழ்ச்சியைப் போலவே பேச்சுப்பொருளானது. அதைப் பரப்ப மெயில்சிம்ப் தனியே எந்தச் செயலியிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு, பாட்காஸ்டை வளர்த்தது ஓடை அல்ல, ஆப்பிள் என்பது. வலுவான மறுப்புதான். 2005 ஜூன் 28ஆம் தேதி வந்த ஐடியூன்ஸ் 4.9 பாட்காஸ்டுகளுக்குத் தன் கடையில் இடம் கொடுத்தது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் குவிந்தன. அதற்கு முன் கரியின் நிரலைத் தேடி நிறுவும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆனால் ஆப்பிள் நடத்தியது ஒரு பட்டியலை. கோப்புகள் அவரவர் வழங்கியில் இருந்தன. ஓடையின் முகவரி படைப்பாளியிடமே இருந்தது. விளம்பரப் பணத்தில் ஆப்பிள் பங்கு கேட்கவில்லை. ஐபாட் விற்றால் போதும் என்பது அதன் கணக்கு. பணம் கட்டிக் கேட்கும் சந்தாவை அது கொண்டுவந்ததே 2021இல்தான். பட்டியலில் பிடிக்காதவர் வேறு செயலியில் அதே ஓடையைக் கேட்கலாம். இந்த நடுநிலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓடியோ என்ற நிறுவனத்தின் கதை காட்டுகிறது. பாட்காஸ்டுக்கான தளமாகத் தன்னை முன்னிறுத்திய ஓடியோ, ஆப்பிள் வந்ததும் செய்வதற்கு ஒன்றுமின்றி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் 2006இல் உருவாக்கிய மாற்றுத் திட்டம்தான் ட்விட்டர். நடுவில் உட்கார்ந்து வசூலிக்க இடம் கிடைக்காததால்தான் ஒரு நிறுவனம் பாட்காஸ்டை விட்டு வேறு தொழிலுக்குப் போனது. ஆப்பிள் ஓடையைப் பரப்பியது உண்மை. அதன் உரிமையாளராக அது ஆகவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாவது மறுப்பு, எழுத்தின் ஓடையைச் சமூக ஊடகம் விழுங்கிவிட்டது என்பது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடைத் தொடங்கியது. தமிழ்ப் பதிவர்களில் பலரும் பிறகு அங்கேதான் குடியேறினார்கள். ஆனால் பத்திரிகைகள் ஏன் தங்கள் கட்டுரைகளை ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட முண்டியடித்தன? அந்த இடங்கள் இணைப்பைக் காட்டி வாசகரைத் தளத்துக்கு அனுப்பின. நெட்ஸ்கேப் 1999இல் சொன்ன அதே பேரம், இம்முறை உரிமையாளர் கையில். பழைய ஓடைக்கு அந்தப் பேரத்தை மாற்றியமைக்க அதிகாரமில்லை, புதியவர்களுக்கு உண்டு. 2013இல் ட்விட்டர் தன் ஆர்எஸ்எஸ் வசதியை நீக்கியது. தளத்துக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள், கூட்டத்தை அனுப்புபவரின் தயவில் மாட்டிக்கொண்டார்கள். வருமானம் பக்கத்தில் இல்லாத எழுத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. பென் தாம்ப்சன் 2014இல் தன் 'ஸ்ட்ராடெக்கரி' கட்டுரைகளுக்குச் சந்தா வசூலிக்கத் தொடங்கினார். பணம் கட்டியவருக்கு முழுக் கட்டுரையும் மின்னஞ்சலிலேயே போய்ச் சேர்ந்தது. வாசகர் தளத்துக்கு வந்தாரா என்ற கவலை அவருக்கில்லை. எழுத்தின் இயல்பே ஓடைக்கு ஒவ்வாதது என்றால் இது நடந்திருக்காது.

வடிவத்துக்கு உரிமையாளர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. இதழ்க் கட்டுரைகளைக் கேசட்டில் பதிந்து விற்றுப் பார்த்த பின்னணி கொண்ட பெர்சனல் ஆடியோ என்ற நிறுவனம், பாட்காஸ்ட் தன் காப்புரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி 2013இல் ஆடம் கரோலா உள்ளிட்ட பாட்காஸ்ட் நடத்துபவர்கள்மீது வழக்கு தொடுத்தது. எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை எதிர்த்தது. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தக் கோரிக்கைகளைச் செல்லாதவை என்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடுவில் ஒரு சுங்கச்சாவடி எழும்பாமல் போனதால்தான் சிறு நிகழ்ச்சிகளின் விளம்பரக் காசு அவர்கள் கைக்கே வந்தது.

மூன்றாவது மறுப்பு இன்றையது: ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் வந்த பிறகு இந்தத் திறந்த ஓடை பழங்கதையாகிவிடவில்லையா? இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020இல் ஸ்பாட்டிஃபை ஜோ ரோகனின் நிகழ்ச்சியைத் தன் செயலிக்குள் மட்டும் அடைத்துவைக்கப் பெரும் பணம் கொடுத்தது. 2024இல் புதுப்பித்த ஒப்பந்தத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. நிகழ்ச்சி மற்ற செயலிகளுக்கும் திரும்பியது. விளம்பரம் ஒலிக்குள் இருக்கும்போது, எங்கும் கேட்கவிட்டால் கேட்பவர் கூடுவர், வருமானமும் கூடும். அடைத்துவைப்பது நஷ்டம் என்ற எளிய கணக்கு ஸ்பாட்டிஃபைக்கும் பொருந்தியது. யூடியூபின் நிலை வேறு. அங்கே நடுவில் குறுக்கிடும் விளம்பரத்தை விற்பது யூடியூப். அது பக்கத்தோடு ஒட்டியது, கோப்போடு போகாதது. 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடிக் கேட்பவர்களை யூடியூப் பக்கம் திருப்பியது. உரையாடலைப் படம்பிடித்து அங்கே போடும் நிகழ்ச்சிகள் பெருகப் பெருக, எழுத்துக்கு நேர்ந்தது ஒலிக்கும் நேரலாம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

எழுதியோ பேசியோ இணையத்தில் பிழைக்க நினைப்பவர்கள் எந்தத் தளத்தில் கூட்டம் அதிகம் என்றே முதலில் கேட்கிறார்கள். இந்தக் கால் நூற்றாண்டின் கணக்கு வேறு இரண்டு கேள்விகளை முன்வைக்கிறது. படைப்பு கைமாறிப் போகும்போது பிழைப்பும் கூடப் போகிறதா? சந்தாதாரர்களின் முகவரி யார் கையில் இருக்கிறது? இரண்டுக்கும் சாதகமான விடை உள்ளவருக்கு ரீடர் மூடினாலும், செயலி மாறினாலும், பட்டியல் நடத்துபவர் மனம் மாறினாலும் கேட்பவர் கூட்டம் கலையாது. அந்த விடை இல்லாதவர் எத்தனை லட்சம் பேரைக் கூட்டினாலும், அந்தக் கூட்டம் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கூடியதுதான்.