ஒட்டுப்போட்ட கித்தான்

சங்ககிரியில் லாரிப் படுதா தைக்கும் பட்டறையில் வளர்ந்தவன் நான். கொல்லிமலைக்கும் கொடைக்கானல் பக்கமும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிற பிள்ளைகள் கிழிந்த படுதாவையும் ஹாமக்கையும் இப்போது என்னிடம் கொண்டுவருகிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் இந்தத் தூக்குப் படுக்கைக்கு எழுத்தில் பதிவான வரலாறே 500 வருடத்தைத் தாண்டிவிட்டது. யார் கண்டுபிடித்தார், யார் கொண்டுபோனார் என்று அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கிழிந்ததை யார் தைத்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

1492 அக்டோபரில் பஹாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்கிருந்த மக்கள் பருத்தி வலைபோன்ற படுக்கைகளில் உறங்குவதைக் குறித்துவைத்தார். தரையின் ஈரமும் பூச்சி பொட்டும் எட்டாத படுக்கை. வலையாகப் பின்னியதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓர் இழை அறுந்தால் முழுப் படுக்கையும் போய்விடாது. அந்தக் கண்ணியில் மட்டும் புது இழையைக் கோத்துப் பின்னிக்கொள்ளலாம்.

ஐரோப்பியக் கப்பல்களில் ஏறியதும் அந்த வலை கித்தானாக மாறியது. அதுவரை மாலுமிகள் பலகைத் தளத்திலேயே உருண்டு கிடந்தார்கள். இங்கிலாந்துக் கடற்படை 1597இல் தூக்குப் படுக்கையை ஏற்றுக்கொண்டது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவன் சாயமாட்டான். ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம்தான். பாதிப் பேர் மேல்தளத்தில் காவலுக்குப் போய்விடுவார்கள் என்பதால் ஏதோ மூச்சுவிட முடிந்தது.

விடிந்ததும் படுக்கையை இறுக்கிச் சுருட்டி, கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டி, மேல்தளத்தின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைக்க வேண்டும். சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டுகளையும் தெறிக்கும் மரச்சிம்புகளையும் தடுக்கும் சுவர் அதுதான். இரவில் உறங்கிய படுக்கை பகலில் குண்டு வாங்கும். சண்டை முடிந்து உயிரோடு இருந்தால், ஓட்டை விழுந்த அதே துணியைத் தைத்துப் படுக்க வேண்டும்.

போர்க்கப்பல்களில் கப்பற்பாய் தைப்பவர் ஒருவர் இருந்தார். அவருக்கு உதவியாளர்களும் உண்டு. கருவிகள் கொஞ்சம்தான். உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல்பட்டை, அதில் ஊசியின் பின்புறத்தைத் தள்ள ஓர் இரும்பு வில்லை, முக்கோண முனை ஊசி, தேன்மெழுகு தடவிய நூல். எங்கள் பட்டறையில் அப்பா கையிலும் ஒரு தோல் துண்டு இருக்கும். கோணி ஊசியை அதனால்தான் தள்ளுவார்.

கித்தானுக்கு ஒட்டுப்போடுவதில் ஒரு முறை இருக்கிறது. கிழிசலைவிடப் பெரிதாகச் சதுரத் துண்டு வெட்டி, அதன் பாவு நூல் அடித்துணியின் பாவு நூலோடு ஒரே திசையில் போகும்படி வைக்க வேண்டும். திசை மாறினால் துணி இழுபடும்போது ஒட்டு ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் போய், பக்கத்திலேயே புதிதாகக் கிழியும். ஒட்டின் விளிம்பை உள்ளே மடித்துச் சுற்றிலும் தைக்க வேண்டும். பிறகு துணியைப் புரட்டி, கிழிந்த பகுதியை நேராக வெட்டி எடுத்து, அந்த விளிம்பையும் மடித்து இரண்டாவது சுற்றுத் தைக்க வேண்டும். அவசரத்துக்கு, ஒட்டே இல்லாமல் கிழிசலின் இரு கரையையும் மாறி மாறிக் குத்திச் சேர்க்கும் தையலும் உண்டு. புயலில் அதுதான் கைகொடுக்கும்.

இவ்வளவு ஊசி ஓட்டை போட்டும் கித்தான் ஒழுகாது. ஆளி நாரும் பருத்தியும் நனைந்தால் நூல் பருத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பழைய தையல்காரரின் கணக்கு முழுக்க அந்தக் குணத்தை நம்பித்தான் இருந்தது. மேலே போர்த்தும் விரிப்புக்குப் பைன் மரத்திலிருந்து எடுத்த தாரைப் பூசினார்கள். தார் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுபடி பூசுவார்கள்.

1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் இங்கிலாந்தின் விக்டரி கப்பலில், முன்பாய்மரத்தில் கட்டியிருந்த மேல்பாய் இன்னமும் இருக்கிறது. அடிவிளிம்பு மட்டும் சுமார் 80 அடி. உடம்பெல்லாம் சுமார் 90 ஓட்டைகள். அவற்றை அடைக்காமல் அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். ஒட்டுப்போடுவதே தொழிலாக இருக்கும் நானும் அது சரி என்றே சொல்வேன். அது இனிமேல் காற்றில் ஏறப்போவதில்லை.

கடலில் இறந்தவனை அவன் தூக்குப் படுக்கையிலேயே வைத்துத் தைத்து, கால்மாட்டில் பீரங்கிக் குண்டுகளை வைத்துக் கடலில் இறக்குவார்கள். அதைத் தைத்ததும் பாய் தைப்பவர்தான். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

துணிமணி தைத்துக்கொள்ளவென்றே மாலுமிகளுக்கு இங்கிலாந்துக் கடற்படை அரைநாள் ஒதுக்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பெல்ஃபாஸ்ட் கப்பலிலும் தூக்குப் படுக்கைதான்; லண்டன் போனால் பார்க்கலாம். அதே போர்தான் துணியையும் மாற்றியது. ஜப்பான் பட்டு வருவது நின்றதும் பாராசூட்டுக்கு நைலான் வந்தது. கிழிசல் ஓடாமலிருக்க, கட்டம் கட்டமாகத் தடித்த இழை கொடுத்து நெய்த நைலானும் அந்தக் காலத்தில் வந்ததுதான். இன்று நீங்கள் மலைக்குத் தூக்கிப்போகும் ஹாமக்கும் படுதாவும் பெரும்பாலும் அந்த வம்சம்.

அதற்குக் கித்தான் வைத்தியம் செல்லாது. பூச்சுப் போட்ட நைலான் நனைந்தாலும் ஊசி ஓட்டை மூடாது, ஒவ்வொன்றும் ஒழுகும். நெருக்கித் தைத்தால் தையல் வரிசையிலேயே கிழியும். படுதாவில் கிழிசலைத் துடைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் ஒட்டு ஒட்ட வேண்டும். ஒட்டு வட்டமாக இருக்கட்டும், சதுரத்தின் மூலை முதலில் பெயரும். சிலிக்கோன் பூசிய துணியில் சிலிக்கோன் பசைதான் பிடிக்கும். நீல பிளாஸ்டிக் படுதாவில் ஓரத்து வளையம் பிய்ந்துவிட்டால், மூலைத் துணிக்குள் உருண்டைக் கல் ஒன்றை வைத்துச் சுருட்டி, கழுத்தில் கயிறு கட்டுங்கள். வளையத்தைவிட நன்றாகத் தாங்கும்.

ஹாமக் விஷயம் வேறு. அது ஆளைச் சுமக்கிறது. தொங்கு கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் உங்கள் எடை அளவுக்கு இழுக்கும். விறைப்பாக 10 பாகையில் கட்டினால் ஏறக்குறைய மூன்று மடங்கு. கிழிசல்களில் பல இப்படி இழுத்துக் கட்டியதால் வந்தவை. ஓரத்தில் பொத்தல் என்றால் ஒட்டுப்போட்டுத் தருகிறேன். நடுத்துணி உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தால் அதில் படுக்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். கொண்டுவாருங்கள், பைகளாகத் தைத்துக்கொள்ளலாம்.