ஏரி வாரியமும் ஊரார் கண்களும்

பிறமாநில நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இருவர் சந்திக்குமிடத்து முதலில் வினவுவது நலம். அடுத்து வினவுவது தண்ணீர். 'உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு விடுகிறார்கள்?' என்பது நம் காலனிகளில் நாள்தோறும் கேட்கும் வினா. அந்த மணியை வகுத்தவர் யாவர், எந்த அவையில் வகுத்தனர், அப்போது அங்கு யார் உடனிருந்தனர் என்ற வினாக்களோ எழுவது அரிது. அவை புதிய வினாக்கள் அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே தொண்டை நாட்டு ஊர் ஒன்றில் அவை எழுந்தன. அவ்வூரார் கண்ட விடை கல்லிலும் ஏறியது.

அவ்வூர் உத்திரமேரூர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள்ளன. அறிஞர் வெங்கையா அவற்றை ஆராய்ந்து, தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பள்ளியிற் பயின்ற தமிழர் எவர்க்கும் 'குடவோலை' என்னும் சொல் நினைவிருக்கும். அவ்வோலை எப்பணிக்கு ஆள் தேர்வதற்காக எழுதப்பட்டது என்பது மட்டும் மறந்திருக்கும். அது சட்டமன்றத்திற்கு ஆள் அனுப்பிய தேர்தல் அன்று. ஏரியைக் காக்கவும், தோட்டத்தைப் பேணவும், பொன்னை மாற்றுப் பார்க்கவும் ஆள் தேர்ந்த முறை அது.

உத்திரமேரூர் மழையையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த ஊர். பல்லவர் காலத்திலேயே அங்கு வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரி இருந்தது. ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் பொருளன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதுறும். தூர் வாரப் பணம் வேண்டும்; பணம் வந்தால் கணக்கு வேண்டும்; கணக்கு வந்தால் அதனைக் கேட்க ஆள் வேண்டும். இவ்வேலை 'ஏரி வாரியப் பெருமக்கள்' அறுவரிடம் விடப்பட்டது. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்படுவர். அவருள் பன்னிருவர் ஆட்டை வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். முன்னர் ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ செய்து பழகியவரும், கல்வியாலும் வயதாலும் மூத்தவருமே ஆட்டை வாரியத்திற்கு உரியவராயினர். மண்ணும் நீரும் கண்டறிந்த பின்னரே ஊர்ப் பொதுக் காரியம் ஆளலாம் என்னும் இவ்வொழுங்கு எனக்கு மிகவும் உவப்பானது.

தேர்வு நடக்கும் நாளைச் சிறிது ஊன்றி நோக்குவோம். இளையோர் முதியோர் உட்பட மகாசபை முழுதும் கூடவேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் உள்மண்டபத்தில் அமர்தல் வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து, மேலே நோக்கியவாறு, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக் கட்டினை எடுத்து வேறொரு குடத்தில் இட, அது குலுக்கப்படும். அதினின்றும் ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் அதனை எவ்வாறு வாங்கவேண்டும் என்பதையும் கல்வெட்டு விதிக்கின்றது: ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ளவேண்டும். வாங்கியதை அவன் வாய்விட்டு வாசிப்பான். அவன் வாசித்தது போதாது. மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசித்தல் வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும்.

விரிந்த கையில் இரண்டாவது ஓலை ஒளிந்திருக்க இடமில்லை. மத்தியஸ்தன் தீயவன் என்று சபையார் கருதினர் என்பதன்று. நல்லவனோ தீயவனோ என்று ஆராயவேண்டிய தேவையே எழாதவாறு செய்தனர். ஆள்வோர் உள்ளத்தின் நேர்மையைப் புகழ்ந்து பேசும் நூல்கள் நம்மிடம் பல. அவர் விரல்கள் எவ்வாறு இருக்கவேண்டும் எனச் சொல்லும் சாசனம் அரிதினும் அரிது.

கணக்கைப் பற்றிய விதி இதனினும் கடுமையானது. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் பெயரை மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், தாயுடன் பிறந்தான், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் எனப் பட்டியல் நீள்கின்றது. படிப்போர்க்குத் திருமண அழைப்பிதழின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வரும். ஒருவன் மறைத்த கணக்கிற்காக உறவினர் அனைவரையும் ஒதுக்குதல் முறையோ எனக் கேட்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் மாமனும் மைத்துனனும் 'கணக்கைக் காட்டிவிடு' என்று அவனை இரவும் பகலும் நெருக்கியிருப்பர் என்பதும் எண்ணத்தக்கது. மேலும், கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. குற்றம் கண்டவிடத்து உறுப்பினரை உடனே நீக்குவதற்கும் விதி உண்டு.

முதல் ஏற்பாடு 919இல். இரண்டே ஆண்டுகளில் அது திருத்தப்பெற்றது. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றாயிற்று. இரு முறையும் அரசன் ஆணையும் அவன் அனுப்பிய அலுவலரும் உடனிருந்தமையைக் கல்வெட்டே கூறுகின்றது. ஆகவே ஊரார் தாமே தனித்துக் கண்ட குடியாட்சி இது எனப் பெருமிதம் பேசுவோர் சற்று நிதானித்தல் நன்று.

நிதானிக்கவேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அது பெரிது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். நான்மறையாளர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். குடத்தில் பெயர் புகவேண்டுமாயின் கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வேதமும் பாடியமும் வல்லவர்க்கு நில அளவிற் சலுகை உண்டு. ஏர் பிடிப்பதில் வல்லவர்க்கு எச்சலுகையும் இல்லை. மடைநீர் எவ்வயலுக்கு எந்நாளில் பாயவேண்டும் என்பதைச் சேற்றில் நின்று அறிந்த உழவர்க்கும், தூர்மண்ணைச் சுமந்தோர்க்கும், நீர் முகந்து வந்த பெண்டிர்க்கும் ஓலை இல்லை. குடம் எல்லார்க்கும் காட்டப்பட்டது. ஆனால் 'எல்லார்' என்ற சொல்லின் எல்லை மண்டபத்தின் எல்லையாகவே இருந்தது.

மண்டபத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் நிலையை அறியப் பத்து நூற்றாண்டுகள் கடந்து கொங்கணத்திலுள்ள மகாட் என்னும் சிறுநகருக்கு வருவோம். மகாராட்டிரத்தில் வாழும் நம்மவர் பலர் அவ்வழியே சென்றிருப்பர். நகராட்சி, வாக்கு, தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் வந்துவிட்ட காலம் அது. பொதுப்பணத்தில் அமைந்த குளங்களையும் கிணறுகளையும் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று போலே என்பவர் கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டசபை 1923இல் நிறைவேற்றியது. அதன்படி மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளம் முன்போலவே இருந்தது. மூன்றாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

1927 மார்ச்சு 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். புதுச் சட்டம் எதனையும் அவர்கள் கேட்கவில்லை. நகராட்சி தானே எழுதி வைத்திருந்த தீர்மானத்தைத் தம் காலால் நடந்து சென்று வாசித்தனர். அவர்கள் தாக்கப்பட்டனர், குளம் பஞ்சகவ்வியத்தால் 'தூய்மை' செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் நகராட்சி கூடித் தன் பழைய தீர்மானத்தை நீக்கிவிட்டது. ஒரு கூட்டத்தில் திறந்த குளம் இன்னொரு கூட்டத்தில் மூடிற்று. குளம் தங்கள் தனியுரிமை என்று சாதி இந்துக்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில், அவர்கள் கூறிய தொன்றுதொட்ட வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டு, 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் பக்கம் தீர்ப்பளித்தது.

உத்திரமேரூரில் முறை திறந்திருந்தது, வாயில் மூடியிருந்தது. மகாட்டிலோ வாயில் திறந்ததென ஏடு கூறிற்று, காவல் நீங்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காணாமல் முன்னதை மட்டும் மலர்தோறும் பாடிக்கொண்டிருப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி நம் காலத்திற்கு வருவோம். பெருநகரங்களின் குடிநீர் இன்று பெரும்பாலும் தனி வாரியங்கள் வசமோ மாநகராட்சித் துறைகள் வசமோ உள்ளது. குறை கேட்கும் கூட்டங்கள் உண்டு. சென்னைக் குடிநீர் வாரியம் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையில் பகுதி அலுவலகங்களில் அத்தகைய கூட்டம் நடத்தி வந்துள்ளது. நற்செயலே. ஆயினும் குறை கேட்கும் அறை வேறு, கட்டணமும் நேரமும் குழாய்வழியும் முடிவாகும் அறை வேறு. இரண்டாவது அறையைக் குறித்து 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு சிறு விதி உள்ளது. நான்காம் பிரிவில், அலுவலகங்கள் தாமாகவே வெளியிடவேண்டிய பதினேழு செய்திகளுள் எட்டாவது அது. ஒவ்வொரு பொது அமைப்பும் தன்கண் உள்ள வாரியங்கள், குழுக்கள் இவை இவை என்றும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்றும் அறிவித்தல் வேண்டும்.

கூட்டத்தைத் திறந்து வைக்கவேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை. திறந்ததா இல்லையா என்பதைச் சொல்லிவிடவேண்டும் என்று மட்டுமே சொல்கின்றது. விரல்களை விரிக்கவேண்டும் என்று விதித்த கல்வெட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. எனினும் கேட்பதற்கு ஓர் இடம் தருகின்றது. நம் நகரின் குடிநீர் வாரியம் அவ்வறிவிப்பை வெளியிட்டுள்ளதா என்று காலனிச் சங்கத்தினர் தேடிப் பார்க்கலாம். இல்லையெனில் உறுப்பினர் ஒருவர் தம் பெயரில் எழுதிக் கேட்கலாம். நடவடிக்கைக் குறிப்பையும், சென்ற ஆண்டின் நீர்த்தேக்கப் பராமரிப்புக் கணக்கையும் உடன் கேட்கலாம். நடுவணரசின் விதிப்படி கட்டணம் 10 ரூபாய்; மாநில விதிகள் சிறிது வேறுபடும். விடை 30 நாளுக்குள் வரவேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவ்வட்டாரத்து ஆட்சிமொழியிலோ இருத்தல் வேண்டும். தமிழ் மட்டுமே எழுதத் தெரிந்த நம் பெரியோர்க்கு, இவ்வூர்ப் பள்ளிகளிற் பயிலும் பேரப்பிள்ளைகள் அதனை எழுதிக் கொடுக்கலாம்.