பெட்டி சிறுத்த கதை

புறநானூற்றின் 103ஆம் பாட்டு ஆடிப் பாடும் ஒரு விறலியை நோக்கி ஔவையார் பாடியது. அவள் வழிநடையில் இருக்கிறாள். தோளில் சுமக்கும் காவின் ஒரு முனையில் பதலை தொங்குகிறது, மறுமுனையில் சிறுமுழா. அவள் போய்ச் சேர வேண்டியது வள்ளல் அதியமான் நெடுமான் அஞ்சியிடம். அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தப் பாட்டை வள்ளலின் புகழுக்காகவே பலரும் படிக்கிறார்கள். இசை வரலாற்றுக்காகப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. இரண்டு தோற்கருவிகளையும் ஒரே ஆள் சுமக்கிறாள். சுமக்கக்கூடிய அளவில் அவை செய்யப்பட்டிருக்கின்றன. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் கலைக்குக் கருவியின் அளவே முதல் நிபந்தனை. இந்த வட்டாரத்தில் எந்தக் கருவி நிலைத்தது, எது வந்த வழியே போனது என்பதை அதன் நாதம் எந்த அளவு தீர்மானித்ததோ அதே அளவு அதன் எடையும் விலையும் தீர்மானித்தன என்பது என் வாதம். அண்மையில் வந்திருக்கும், ஒலியைப் பதிந்து வாசிக்கும் கையடக்கச் சாம்ப்ளரையும் அந்த வரிசையில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரியைத் தனியே விட்டுக்கொடுத்தது. கோடுகள் மாறினாலும் கூத்து மாறவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பதும், இரவில் அதே கதையைத் தெருக்கூத்தாக ஆடுவதும், படுகளத்தில் துரியோதனன் விழுவதும், தீமிதியோடு விழா முடிவதும் இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பழகிய முறை. மானாவாரி நிலத்தில் அறுவடை முடிந்த பிறகு ஆட்டம் நடக்கும். இரவு ஓர் ஊர், மறுநாள் வேறோர் ஊர் என்று ஜமா எனப்படும் கூத்துக் குழு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஜமாவின் நடுவில் இன்று ‘பெட்டி’ என்று எல்லோரும் சொல்லும் ஆர்மோனியம் இருக்கிறது. பெட்டிக்காரர் சுதி கொடுக்காமல், கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரன்கூட வாய் திறப்பதில்லை. இது ஏதோ ஆதிகாலத்துக் கருவி என்று புதிதாகப் பார்க்கும் ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது பாரிஸில் பிறந்தது. அலெக்ஸாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்றபோது, காலால் மிதித்துக் காற்றடைக்கும் பெரிய மரச்சாமானாக இருந்தது. பாதிரிமார்களோடும் துரைமார்களோடும் கப்பலேறி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதன் கால்களை வெட்டி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறுகையால் வாசிக்கும்படி சிறுக்கச் செய்தார். அதன் பிறகுதான் அது தரையில் உட்கார்ந்தது, நாடகக் கம்பெனிகளின் வண்டியில் ஏறியது, கடைசியில் கூத்துக் களரிக்கு வந்தது. மிதிபெட்டியாகவே இருந்திருந்தால் தேவாலயத்தையும் பணக்கார வீட்டுக் கூடத்தையும் தாண்டியிருக்காது.

அப்படி வந்ததை எல்லோரும் வரவேற்கவில்லை. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1909இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பிலேயே கிராமபோனைக் கடுமையாகச் சாடினார். ஆர்மோனியத்தின் மீதும் அவருக்கு அதே கோபம்தான். இயந்திரம் நுழையும் இடத்தில் கலைஞனின் பயிற்சியும் கேட்பவனின் செவியும் ஒருங்கே மங்கும் என்பது அவர் கவலை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. அது தளரத் தொடங்க 1971 ஆனது. சொன்ன காரணம் அற்பமானதல்ல. கட்டைகளில் அடைபட்ட சுரங்கள் அசையாதவை, நம் கமகமோ சுரத்தின் அசைவிலேயே உயிர்வாழ்வது. இந்த விமர்சனம் இசையளவில் சரி. தருமபுரியின் களரியில் அது முழுச் சரியாகவில்லை. காரணம், அங்கே கமகத்தைச் சுமப்பது பாடுபவரின் தொண்டை. பெட்டி அவருக்குச் சுதியைப் பிடித்துக் கொடுத்தது, மூச்சு வாங்க இடம் கொடுத்தது, விடியும்வரை தொண்டை தாங்க உதவியது. ஆனால் ஒரு நட்டத்தை மறைக்கக் கூடாது. கூத்துக்கே உரிய முகவீணை, அந்தச் சின்னஞ்சிறு சீவாளிக் கருவி, பல ஜமாக்களிலிருந்து இறங்கிப் போனது. வாசிப்பவர்கள் அருகிவிட்டார்கள். வந்த பெட்டி ஒருவருக்கு வேலை கொடுத்தது, இன்னொருவரின் இடத்தை எடுத்துக்கொண்டது. சாம்ப்ளரைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சாம்ப்ளர் என்பது ஓர் ஒலியைப் பதிந்து, நறுக்கி, ஒரு கட்டையிலோ ரப்பர் தட்டிலோ வைத்துக்கொண்டு, தட்டும்போதெல்லாம் அதை ஒலிக்கச் செய்யும் கருவி. அதுவும் ஆர்மோனியத்தைப் போலவே மாளிகையில் பிறந்து தெருவுக்கு வந்தது. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேர்லைட், திரையும் ஒளிப்பேனாவும் பெரிய நெகிழ்வட்டுகளுமாகக் கையில் தூக்கிச் செல்ல முடியாத கருவியாக இருந்தது. ஒரு வீட்டின் விலை. 1986இல் காசியோ எஸ்கே-1 வந்தது. 32 சிறு கட்டைகள், ஒன்றரை நொடிக்கும் குறைவான பதிவு நேரம், பிள்ளைகளுக்கு வாங்கித் தரக்கூடிய விலை. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60, 16 ரப்பர் தட்டுகளோடும் 13 நொடி நினைவகத்தோடும் வந்து, அமெரிக்க நகரங்களின் இளைஞர்களுக்கு ஒரு புதிய வாத்தியமாகவே ஆனது. ரோலண்டின் எஸ்பி-404, 2005இல் ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடியது. களரியில் கரண்ட் போனாலும் நிற்காத கருவி என்று இதைச் சொல்லலாம். கூத்துக்காரருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கருவிக் குடும்பம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று சினிமா. 1986இல் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினி இசையைக் கையாண்டார். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு பதிந்த ஒலிகளை அடுக்கிப் பாட்டுக் கட்டுவது தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது. மற்றொன்று மேடை. ரோலண்ட் 1985இல் கொண்டுவந்த ஆக்டோபேட் என்ற எட்டுத் தட்டுக் கருவியின் பெயர், நாளடைவில் எல்லா மின்தட்டுகளுக்கும் பொதுப்பெயராகி, இன்னிசைக் கச்சேரிக் குழுக்களில் ‘பேட் வாசிப்பவர்’ என்று ஒரு தனி ஆளையே உருவாக்கியது. தருமபுரியிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்விடக்கூடிய பெங்களூருவில், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளர் ராஜ் நாராயண் 1979இல் தொடங்கிய ராடெல் நிறுவனம் மின்சுருதிப் பெட்டியைச் செய்தது. பிறகு அசல் தபலாவின் சொற்களைப் பதிந்துவைத்து வாசிக்கும் தாளக் கருவியையும் செய்தது. நம் சபாக்களில் மின்சுருதிப் பெட்டி இன்று பழகிப்போன ஒன்று.

சாம்ப்ளரின் இன்பம் எங்கே இருக்கிறது? பதிவில் இருக்கிறது, நறுக்குவதில் இருக்கிறது, விரலில் இருக்கிறது. கூத்தில் போடும் வெண்கலத் தாளத்தின் ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். பதிந்ததைக் கேட்டால் தட்டுக்கு முன்னால் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மயிரிழை மயிரிழையாகச் சீவ வேண்டும். கொஞ்சம் விட்டால் விரல் விழுந்த பிறகே ஒலி வரும், லயம் பின்வாங்கும். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் உலோகம் உலோகத்தைத் தொடும் அந்தக் கூர்மை போய்விடும். சரியாக வந்துவிட்டால் ஒலியும் விரலும் ஒன்றாகும். பிறகு அதே தட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, இரண்டு மடங்கு நீண்டு, கோயில் மணிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கைக்குள் அடங்கிய இரண்டு தாளங்களுக்குள் இப்படி ஒரு நாதம் ஒளிந்திருந்தது என்பதைச் செவி அப்போதுதான் அறிகிறது. நினைவகம் சிறியதாக இருப்பதும் நல்லதே. ஒரு நொடிதான் இருக்கிறது என்றால் எந்த ஒரு நொடி என்று தேடிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஒலிகளை அடைத்துத் தரும் கணினி மென்பொருள் அந்தத் தேடலைத் தூண்டுவதில்லை. சிறு கருவி கேட்கக் கற்றுக்கொடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு எதிரான வலுவான வாதம் உடுக்கையிடமிருந்து வருகிறது. தருமபுரிப் பக்கத்து அம்மன் கோயில்களில் பம்பையோடு சேர்ந்து ஒலிக்கும் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரல்கள் அழுத்தும்போது, ஒரே அடிக்குள் சுதி ஏறி இறங்குகிறது. அடி விழுந்த பிறகும் வாசிப்பவர் அந்த ஒலியை விட்டுவிடுவதில்லை, பிடித்து வளைக்கிறார். சாம்ப்ளரில் பதிந்த உடுக்கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வளையும். பறையும் அப்படியே. தீயில் காய்ச்சிய தோல் விறைத்து ஒலிக்கும், பனி இறங்க இறங்கத் தளரும், மறுபடி காய்ச்சுவார்கள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் அந்த மாற்றத்துக்கு ஏற்பத் தம் விசையை மாற்றிக்கொள்ளும். பதிந்த பறைக்குப் பனி தெரியாது. இந்த வாதத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். உடுக்கைக்கு மாற்றாகச் சாம்ப்ளரை வைப்பவர் உடுக்கையைக் கேட்டதில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் இது சாம்ப்ளரை மாற்றாக வைப்பதற்கு எதிரான வாதமே தவிர, சாம்ப்ளருக்கு எதிரான வாதமல்ல. பெட்டி தொண்டைக்கு மாற்றாக வராமல் துணையாக வந்தபோதுதான் களரியில் வேரூன்றியது. உடுக்கைக்காரரே தம் உடுக்கையின் ஒலியைப் பதிந்து, அதன்மேல் தாமே வாசிக்கும்போது அவருக்கு இன்னொரு கை முளைக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பறையடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்தியது இந்தச் சமூகம். சாவு வீட்டுக்கு இனிப் போவதில்லை என்று மறுத்தவர்களும், அதே பறையை விடுதலையின் வாத்தியமாக மேடையேற்றியவர்களும் நம் காலத்தவர்களே. இப்போது பறையின் ஒலி ஒரு தட்டுக்குள் வந்துவிட்டதால், பறையைத் தொடக் கூசுகிறவர்களும் அதன் அதிர்வை மட்டும் தங்கள் மேடைக்கு எடுத்துக்கொள்ள முடிகிறது. வாசிப்பவரை அழைக்கத் தேவையில்லை, சமமாக உட்காரவைக்கத் தேவையில்லை, கூலி பேசத் தேவையில்லை. நான்கு பேர் கொண்ட பம்பைக் குழுவுக்குப் பதில் ஒரு பேட் போதும் என்று விழாக் கமிட்டி கணக்குப் போடுவதும் இதே வகை. கருவி நடுநிலையானது என்று சொல்லி இதிலிருந்து நழுவக் கூடாது. முகவீணைக்கு நடந்தது நமக்குத் தெரியும். ஆனால் விடையும் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஃபேர்லைட் காலத்தில் யாருடைய ஒலியைப் பதிவது என்று முடிவெடுத்தவர்கள் ஸ்டுடியோ முதலாளிகள். கருவி சிறுத்து விலை இறங்கியதும் அந்த முடிவு, பழைய சாம்ப்ளர் ஒன்றைத் தேடி வாங்கக்கூடிய இளைஞர் கைக்கு வந்துவிட்டது. பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பையில் இடம் பிடிக்கக்கூடிய வாத்தியம் இது. அப்பாவின் அடியை மகள் பதிந்து, தன் பெயரிலும் அவர் பெயரிலும் ஒரு புதிய பாட்டாகக் கட்டும்போது, ஒலி அதை உண்டாக்கிய வீட்டிலேயே இருக்கிறது.

ஆகவே விழாக் கமிட்டிகளுக்கும் கச்சேரிக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பம்பையும் பறையும் உடுக்கையும் வாசிக்க ஆள் இருக்கும் ஊரில் அவர்களை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் மேடையேற்றாதீர்கள். பதிந்த ஒலியை எடுத்தால் பதியக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லுங்கள், பணத்தைக் கொடுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மிருதங்கமும் கற்பிக்கிறோம். அதே கூரையின் கீழ் கூத்துப் பெட்டிக்கும் முகவீணைக்கும் உடுக்கைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தி, பக்கத்து மேசையில் ஒரு சிறு சாம்ப்ளரையும் வையுங்கள். பிள்ளைகள் முதலில் கையால் வாசிக்கட்டும், பிறகு தாங்கள் வாசித்ததையே பதிந்து நறுக்கட்டும். முகவீணை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆண்டே போக வேண்டும்.