அரசியர் தடாகமும் குளோரின் குளிசையும்

கண்டி ஏரிக்கரையில், தலதா மாளிகைக்கு அருகே 'உல்பங்கே' எனும் நீராடு மண்டபம் உண்டு. 1815இல் முடியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசியர் நீராடிய இடம் அது. அதைக் காணுந்தோறும் இன்றைய விடுதிகளின் திறந்தவெளி நீச்சல் தடாகங்களை நினைத்துக்கொள்கிறேன். மழை வந்து ஏரி நீரைப் புதுப்பிக்கும். தடாக நீரோ அப்படியே கிடக்கும்.

தடாகத்திலிடும் வெறும் குளோரினை வெயில் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும். ஆகவே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், சயனூரிக் அமிலத்தோடு பிணைத்த குளிசைகள் வந்தன. அமிலம் குளோரினுக்குக் குடைபிடிக்கிறது. ஆனால், குளோரின் செலவாகும், குடை தங்கிவிடும். இக்குளிசையால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரின் சேர்ந்தால், அமிலம் ஏறத்தாழ 6 மில்லிகிராம் கூடும். அது மிகுந்தால், சோதனையில் குளோரின் போதியளவு தெரியும். கிருமியோ எளிதில் சாகாது. பார்வைக்குத் தெளிந்த நீரில் குழந்தைகள் நோயை வாங்கிக்கொள்வர்.

லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் அமிலம் போதும். உலக சுகாதார நிறுவனம் 100ஐத் தாண்டலாகாது என்கிறது. சாதாரண வடிகட்டி அதை அகற்றாது. நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே வழி. இன்னொன்று: இக்குளிசையைக் கல்சியம் ஹைப்போகுளோரைட்டுடனோ வெளிற்றும் தூளுடனோ ஒருபோதும் கலக்கலாகாது, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

ஏரிக்கு மழை செய்யும் வேலையைத் தடாகத்துக்கு நாமேதான் செய்ய வேண்டும்.