சிறு துடுப்பும் நீண்ட தடையும்

சரிந்த பலகையிலே ஆணிகளிடையே குண்டு உருள, அது விழும் குழிக்கேற்பப் புள்ளி பெறுவதே பின்போல் எனும் அமெரிக்க விளையாட்டின் தொடக்க வடிவம். குண்டை உந்தும் விற்சுருளுக்கு 1871ஆம் ஆண்டிலே மொண்டேகு ரெட்கிரேவ் என்பார் ஆக்கவுரிமை பெற்றார். உந்திய பின்னர் ஆடுவோர்க்கு யாது வேலை? பார்த்திருப்பதே வேலை. சிலர் பொறியைக் குலுக்கினர். அளவுக்கு மிஞ்சிக் குலுக்கினால் ஆட்டத்தையே நிறுத்திவிடும் அமைப்பை 1930களில் ஹரி வில்லியம்ஸ் புகுத்தினார்.

காசிட்டு அதிர்ஷ்டத்தை நோக்கும் இது சூதேயன்றி வேறென்ன என்ற குரல் வலுத்தது. 1942இல் நியூயோர்க் நகரம் இதனைத் தடைசெய்தது. நகரபிதா லகார்டியாவே சம்மட்டி ஏந்திப் பொறிகளை உடைத்தார்!

ஐந்தாண்டுகளின் பின், 1947இல், கொட்லீப் நிறுவனத்து ஹரி மப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பொறியில் ஆறு சிறு துடுப்புகளைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினால் மின்விசையால் துடுப்பு துள்ளும். வீழவரும் குண்டு மீண்டும் மேலேறும். மறு ஆண்டு ஸ்டீவ் கோர்டெக் துடுப்புகளை இரண்டாகக் குறைத்துப் பலகையின் அடியில் வைத்தார். கைத்திறனுக்கு இடம் பிறந்தது. சட்டமோ அதனைக் கண்டுகொள்ளவில்லை.

1976ஆம் ஆண்டு நகரசபைக் குழுவின் முன்னிலையில் ரொஜர் ஷார்ப் என்னும் எழுத்தாளர் ஆடிக்காட்டினார். குண்டு நடுவழியாலே இறங்கும் என முன்கூட்டியே உரைத்து உந்தினார், அவ்வாறே இறங்கியது. தடை நீங்கிற்று. விந்தை யாதெனில், அவர் அவ்வேளை நம்பியது துடுப்பையன்று, பழைய விற்சுருளையே. அதிலே அதிர்ஷ்டமும் கலந்திருந்ததெனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.